மோட்டார்ஹோம் லெஷர் பேட்டரி மாற்றம்: கூரையில் சோலார் இருந்தால் எதை முதலில் கழற்றுவது?

கென்ட்_பயணி
வணக்கம். 2016 ஃபியட் டுகாட்டோ வேனில கட்டின மோட்டார்ஹோம். லெஷர் பேட்டரி (எஞ்சினுக்கு இல்லாமல், உள்ளுக்க விளக்கு, பம்ப், ஹீட்டருக்கான பேட்டரி) பயணி சீட்டுக்குக் கீழ இருக்குது. 95 ஆம்பியர்-மணி ஏஜிஎம் (மூடின ஈய பேட்டரி), வண்டியோட வந்தது. கூரையில 120 வாட் பேனல் ஒண்டு, அதுக்கு விலை குறைஞ்ச பிடபிள்யூஎம் சார்ஜ் கன்ட்ரோலர். இப்ப இரவில ஹீட்டர் காத்தாடி மட்டும் ஓடினாலே விடிய 11.6 வோல்ட் காட்டுது.
மூண்டு கேள்வி. சோலார் பூட்டின வண்டியில எதை முதல் கழட்டுறது? அதே இடத்தில 110 ஆம்பியர்-மணி வைக்கலாமோ? இல்லாட்டி நேரா லித்தியத்துக்குப் போகலாமோ? "அப்பிடியே மாத்தி வைக்கலாம்" எண்டு விளம்பரம் போடுறாங்களே?

கம்பிக்காரர்
தம்பி, காசு செலவழிக்க முதல் பேட்டரிதான் செத்ததோ எண்டு பாருங்கோ. இருட்டின பிறகு, ஹூக்-அப் (வெளியில இருந்து வாற 230 வோல்ட் இணைப்பு) கழட்டி, 12 வோல்ட் மெயினையும் நிப்பாட்டி, ஒரு ஆறு மணித்தியாலம் சும்மா விடுங்கோ. பிறகு மல்டிமீட்டரை நேரா பேட்டரி டெர்மினலில வையுங்கோ. சுவரில இருக்கிற பேனல் காட்டுற எண் வயரில விழுற வோல்ட்டேஜையும் சேர்த்துக் காட்டும், அதை வைச்சு முடிவெடுக்கேலாது. நல்ல ஏஜிஎம் நிறைஞ்சிருந்தா 12.8க்கு மேல நிக்கும். 12.2 எண்டா அரைவாசி. முழுசா ஏத்திப்போட்டு ஒரு இரவு எதுவும் ஓடாமல் விட்டும் 12.4க்குக் கீழ விழுந்தா அது முடிஞ்ச கதை.

கொள்ளளவு பாக்கோணும் எண்டா பழைய 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒண்டு காணும். அது ஏறக்குறைய 4.6 ஆம்பியர் இழுக்கும். 95 ஆம்பியர்-மணியை 20 மணித்தியாலத்தால பிரிச்சா வாறதும் கிட்டத்தட்ட அதுதான். நிறைஞ்ச பேட்டரியில அதை எரிய விடுங்கோ. 10 மணித்தியாலத்துக்கு முன்னமே 11.5 வோல்ட்டுக்கு வந்திட்டா அரைவாசிதான் மிச்சம் இருக்கு எண்டு எடுங்கோ.

ஒண்டு கவனம். ஓய்வில 10.5 பக்கம் காட்டினா ஆறு செல்லில ஒண்டு உள்ளுக்க ஷார்ட். அந்த பேட்டரிக்கு ஹூக்-அப்பும் குடுக்காதேங்கோ, சோலாரும் குடுக்காதேங்கோ. அஞ்சு செல்லை வைச்சு 14.4 வோல்ட்டுக்கு ஒருநாளும் ஏறாது. சார்ஜர் தள்ளிக்கொண்டே இருக்க, மிச்ச செல்லெல்லாம் கொதிக்கும்.

கென்ட்_பயணி
நன்றி அண்ணை. பல்பு வைச்சுப் பாத்தன், அஞ்சு மணித்தியாலத்திலயே 11.5. மாத்திறதுதான். ஒழுங்கைச் சொல்லுங்கோ.

கம்பிக்காரர்
கழட்டேக்க: எஞ்சின் நிப்பாட்டிச் சாவியை எடுங்கோ. ஹூக்-அப் கேபிளை வண்டியில இருந்து இழுங்கோ. உள்ளுக்க 12 வோல்ட் மெயினை நிப்பாட்டுங்கோ, இன்வெர்ட்டர் இருந்தா அதையும். அதுக்குப் பிறகு சோலார். பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் இடையில ஐசோலேட்டர் (துண்டிக்கிற சுவிட்ச்) இருந்தா அதைத் திருப்புங்கோ. இல்லாட்டி கூரையில ஏறிப் பேனலைத் தடிச்ச துணியால முழுசா மூடிப்போட்டு, கன்ட்ரோலரில பேனல் பக்க வயர் ரெண்டையும் கழட்டி ஒவ்வொரு முனைக்கும் டேப் சுத்துங்கோ. இதெல்லாம் முடிஞ்ச பிறகுதான் பேட்டரியில கை வைக்கிறது. முதல் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ்.

பூட்டேக்க நேரெதிர். பாசிட்டிவ், நெகட்டிவ், 12 வோல்ட் மெயின் போட்டு எல்லாம் உயிரோட இருக்கோ எண்டு பாத்து, கடைசியாத்தான் சோலார்.

கையில மோதிரம், இரும்பு மணிக்கூடு வேண்டாம். கிளாம்ப் டெர்மினலுக்கு அனேகமா 10 எம்எம் ஸ்பேனர், எம்8 போல்ட்டுக்கு 13. கைப்பிடியில இன்சுலேஷன் டேப்பைத் தடிப்பாச் சுத்துங்கோ. டுகாட்டோ சீட்டுப் பெட்டி இரும்பு, இடமும் ஒடுக்கம். பாசிட்டிவில நிக்கிற ஸ்பேனர் பெட்டிச் சுவரில தட்டினா, நெகட்டிவ் இன்னும் பூட்டியிருக்கேக்க, அது ஆயிரம் ஆம்பியருக்கு மேல போற ஷார்ட். ஸ்பேனர் ஒட்டிப் பிடிச்சுடும். நெகட்டிவை முதல் எடுக்கிறது இதுக்காகத்தான்.

நெடுஞ்சாலை_நாடோடி
சோலாரைக் கழட்டணும்னு பயமுறுத்தறது ஓவர்னு தோணுது. நிறைய பேர் பட்டப்பகல்ல பேட்டரியை மட்டும் கழட்டி மாத்திட்டுப் போறாங்க, எதுவும் ஆகலையே?

ஓம்விதி
ஆகலைங்கறது கன்ட்ரோலரைப் பொறுத்த அதிர்ஷ்டம். பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் அடிப்படையில ஒரு வேகமான சுவிட்ச்தான். சுவிட்ச் மூடும்போது பேனலும் பேட்டரியும் நேரா இணையும். பேனலை 13, 14 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடிச்சு வைக்கிறது பேட்டரி. பேட்டரியை எடுத்தா பிடிக்க ஆளில்லை. 36 செல் பேனல் வெயில்ல திறந்த நிலையில 22 வோல்ட் வரை போகும். நல்ல கன்ட்ரோலர் உடனே மூடிக்கும். மலிவானதுல சில, அந்த வோல்ட்டேஜை 12 வோல்ட் லைன்லயே தள்ளும். பம்ப் தாங்கும், எல்இடி விளக்கும் ஃப்ரிட்ஜோட கன்ட்ரோல் போர்டும் தாங்காது. அதான் 12 வோல்ட் மெயினையும் நிறுத்தச் சொன்னார்.

இன்னொரு சிக்கல் 12/24 தானா கண்டுபிடிக்கிற கன்ட்ரோலர்கள். பேனலை முதல்ல மாட்டினா, பேட்டரி பக்கம் 20க்கு மேல பார்த்துட்டு இது 24 வோல்ட் வண்டின்னு முடிவு பண்றவை உண்டு. அப்புறம் 12 வோல்ட் பேட்டரியை 28 வோல்ட்டுக்கு ஏத்தப் பார்த்து, நிறுத்தவே நிறுத்தாது. விக்ட்ரான் கம்பெனியோட எம்பிபிடி (பிடபிள்யூஎம்மைவிட மேம்பட்ட வகைக் கன்ட்ரோலர்) கையேட்டிலயும் முதல்ல பேட்டரி, பிறகு பேனல்னுதான் போட்டிருக்கு.

சூரியனை அணைக்க சுவிட்ச் கிடையாது. மீதி எல்லா மின்வழிக்கும் நாம நிறுத்த ஒரு இடம் இருக்கு, இதுக்கு நாமதான் உண்டாக்கணும். பேனலுக்கும் கன்ட்ரோலருக்கும் நடுவுல டபுள் போல் டிசி ஐசோலேட்டர் ஒண்ணு போட்டுட்டா அடுத்த தடவை கூரையில ஏற வேண்டாம். வீட்டு ஏசி எம்சிபியை (சர்க்யூட் பிரேக்கரை) அங்கே போட்டுடாதீங்க. ஏசி ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்தைத் தொடுறதால ஆர்க் அணையும். டிசி ஆர்க் அணையாது. அதே காரணத்துக்காக வெயில் அடிக்கும்போது பேனல் வயரோட எம்சி4 கனெக்டரைப் பிடிச்சு இழுக்கவும் கூடாது. ரெண்டு பேனல் சீரிஸ்ல இருந்தா 40 வோல்ட்டுக்கு மேல.

ரைன்கரை
ஜெர்மனியில கட்டின வண்டி என்றால் ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஷௌட் (Schaudt) எலெக்ட்ரோபிளாக், அதாவது சார்ஜரும் ஃபியூஸ்களும் சேர்ந்த மின்பெட்டி, இருக்கிற வண்டிகளில் சோலார் வயர் கன்ட்ரோலரில் இருந்து நேரே பேட்டரிக்குப் போகாமல் எலெக்ட்ரோபிளாக் வழியாகப் போவதுண்டு. எஞ்சின் பேட்டரிக்கும் அதிலிருந்து ஒரு சிறு சார்ஜ் போகும். ஆகவே லெஷர் பேட்டரியில் இருந்து வயரைக் கழற்றினால் அந்த வயர் செத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். எஞ்சின் பேட்டரியோடு இணைக்கிற ரிலே மூடியிருந்தாலும், ஹூக்-அப் மறந்து கிடந்தாலும், அந்த முனையில் 12 வோல்ட் இருக்கும், பின்னால் ஒரு முழு பேட்டரியின் பலத்தோடு. கழற்றிய பாசிட்டிவ் முனையை மீட்டரில் பாருங்கள், பூஜ்யம் என்றாலும் ஒரு ரப்பர் மூடி போடுங்கள்.

பேட்டரி வகைக்கு எலெக்ட்ரோபிளாக்கிலேயே ஒரு சின்னச் சுவிட்ச் இருக்கும். அதை மாற்றுவதென்றால் 230 வோல்ட் கழற்றிய இந்த நேரத்திலேயே மாற்றிவிடுங்கள். புது பேட்டரி பூட்டியதும் எதுவும் எரியாவிட்டால் பயப்பட வேண்டாம், கன்ட்ரோல் பேனலில் 12 வோல்ட் பட்டனை மறுபடி அமர்த்த வேண்டும்.

கென்ட்_பயணி
விளங்குது. நெகட்டிவ் டெர்மினலில மூண்டு நாலு வயர் சேர்ந்து இருக்குது. எது எதெண்டு தெரியேல்ல.

கம்பிக்காரர்
கழட்ட முதல் போனில நாலு பக்கத்தால படம் எடுங்கோ, பிறகு ஒவ்வொண்டுக்கும் டேப் ஒட்டி எழுதுங்கோ. வழமையா பாடி எர்த், எலெக்ட்ரோபிளாக் நெகட்டிவ், சோலார் நெகட்டிவ், சிலதில அலாரம் அல்லது ட்ராக்கர். மெல்லிய வயர் ஒண்டு தனிய வந்தா அது வோல்ட்டேஜ் பாக்கிற வயராயோ வெப்பச் சென்சராயோ இருக்கும், அறுத்துப்போடாதேங்கோ. அலாரம் இருந்தா சர்வீஸ் நிலையில போட்டிட்டுத் தொடங்குங்கோ, இல்லாட்டித் தெருவே கூடும்.

ஓம்விதி
பேட்டரி மானிட்டர் இருந்தா, அதாவது கரண்ட்டை அளக்கிற ஷன்ட் இருந்தா, பேட்டரி நெகட்டிவ்ல ஷன்ட்டுக்குப் போற ஒரே ஒரு கேபிள்தான் இருக்கணும். சோலார் நெகட்டிவை அவசரத்துல நேரா பேட்டரியில மாட்டிட்டா சோலார் தர்ற கரண்ட்டை ஷன்ட் பார்க்காது. ரெண்டு வாரம் கழிச்சு "பேட்டரி 0 சதவீதம் காட்டுது, ஆனா 12.8 இருக்கு"ன்னு இங்க ஒரு இழை ஆரம்பிப்பாங்க. புது பேட்டரியோட கொள்ளளவை மானிட்டர்ல மாத்தவும் மறக்காதீங்க.

மலைப்பாதை
அளவைப் பத்தி யாரும் சொல்லலையே. சீட்டுக்குக் கீழ இருக்கிற 95 ஏஜிஎம் பெரும்பாலும் எல்5 அளவு: 353 நீளம், 175 அகலம், 190 உயரம், எல்லாம் மில்லிமீட்டர். கடையில விக்கிற சாதாரண 110 திரவ பேட்டரி நீளம் 330 சொச்சம்தான், ஆனா உயரம் 220, 240ன்னு போகும். சீட்டுப் பெட்டிக்குள்ள நுழையாது. நுழைஞ்சாலும் டெர்மினலுக்கும் சீட்டு அடித்தகட்டுக்கும் இடைவெளி இல்லாம போயிடும். அதைவிட ஆபத்து கிடையாது, ஒருத்தர் சீட்டுல உட்கார்ந்தாலே ஷார்ட். பாசிட்டிவ் எந்தப் பக்கம்னும் பாருங்க. தப்பான பக்கம் வந்தா கேபிள் எட்டாது, எட்ட வைக்க இழுத்துப் பூட்டினா அங்கேதான் தளரும்.

லேபிளை மட்டும் நம்பாதீங்க. 110னு போட்டு பக்கத்துலயே சின்னதா சி100ன்னு இருந்தா அது 100 மணி நேரத்துல இறக்கின கணக்கு. நமக்கு வேண்டியது சி20. ஈயத்துல கொள்ளளவுக்கு எடை வேணும். நிஜமான 100 ஆம்பியர்-மணி ஏஜிஎம் 27-லிருந்து 30 கிலோ வரும். 18 கிலோவுக்கு 110னு யாராவது வித்தா மீதி என்ன இருக்கும்னு யோசிச்சுக்குங்க.

கென்ட்_பயணி
அப்ப 110 இல்லை. ஏஜிஎம்முக்கும் அந்த வென்ட் டியூப் தேவையோ? பழைய பேட்டரியில ஒரு ரப்பர் குழாய் தரையில ஓட்டை வழியாக் கீழ போகுது.

கம்பிக்காரர்
வாழுற இடத்துக்க இருக்கிற பேட்டரி எண்டா குழாயைப் பூட்டுங்கோ. ஏஜிஎம் வழமையா வாயு விடாது, ஆனா கூடுதலா சார்ஜ் ஆனா அதின்ர வால்வும் திறக்கும். வாறது ஹைட்ரஜன். காத்தில 4 சதவீதம் சேர்ந்தாலே பத்தும். பேட்டரியின்ர ரெண்டு பக்கமும் வென்ட் ஓட்டை இருந்தா ஒண்டில குழாய், மற்றதில கூட வாற அடைப்பான். அடைப்பானைப் பெட்டிக்குள்ளயே விட்டிட்டுப் போற ஆக்கள் கனபேர். குழாய் மடிஞ்சு நசுங்காமல் இருக்கோ, கீழ முனை சேறடைச்சிருக்கோ எண்டும் பாருங்கோ.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
இடையில ஒரு கேள்வி. கேஸ் எதுவும் எரியாத நேரம், ஹூக்-அப்பில சார்ஜ் ஆகிக்கொண்டு இருக்கேக்க கார்பன் மோனாக்சைடு அலாரம் அடிக்குது. அலாரம் பழுதெண்டு மாத்தினால் புதுசும் அடிக்குது. இதுக்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இருக்குமோ?

ஓம்விதி
இருக்கும் அக்கா, தள்ளிப் போடாதீங்க. அந்த அலாரத்தோட சென்சார் ஹைட்ரஜனுக்கும் பதில் சொல்லும். ஆனா முதல்ல அலாரத்தை நிஜம்னே எடுத்துக்கணும்: எல்லாரும் வெளியே, கதவு ஜன்னல் திறப்பு, கேஸ் சிலிண்டர் மூடல். அப்புறம் வெளியிலிருந்தே ஹூக்-அப்பைப் பிடுங்குங்க. பேட்டரிப் பெட்டி சூடா இருந்தாலோ, பேட்டரி பக்கவாட்டில் உப்பியிருந்தாலோ, அழுகின முட்டை நாத்தம் வந்தாலோ அது கம்பிக்காரர் சொன்ன செத்த செல். அந்த நாத்தம் ஹைட்ரஜன் சல்ஃபைடு, விஷம். கொஞ்ச நேரத்துல மூக்கு மரத்துப்போய் நாத்தமே தெரியாது. நாத்தம் போயிடுச்சுன்னு உள்ளே போகக் கூடாது.

பேனல் வெளியிலிருந்து மூட முடிஞ்சா மூடுங்க. சூடா இருக்கிற பேட்டரியோட டெர்மினலைக் கழட்டாதீங்க, அங்கே வர்ற ஒரு பொறி போதும். தானா ஆறட்டும், மறுநாள் கழட்டலாம். அதை மறுபடி சார்ஜ் பண்ணிப் பார்க்கிற ஆசையே வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_அக்கா
ஹூக்-அப்பை இழுத்திட்டம், பேனலையும் மூடியாச்சு. பேட்டரிப் பெட்டி தொடேலாத சூடு. நன்றி தம்பி.

மலைப்பாதை
லித்தியம் கேள்விக்கு வர்றேன். 95 ஏஜிஎம் இருக்கிற இடத்துல 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் உட்காரும், 12 கிலோ சுமார், அதுல 80, 90 ஆம்பியர்-மணி நிஜமா எடுக்கலாம். அளவுல "அப்படியே மாத்தலாம்"ங்கறது சரி. சுத்தியிருக்கிற சாதனங்களுக்கு அது பொருந்தாது.

சார்ஜ் 14.2-லிருந்து 14.4, ஃப்ளோட் (நிறைஞ்ச பிறகு பிடிச்சு வைக்கிற வோல்ட்டேஜ்) 13.5 போதும். ஜெல் நிலையில இருக்கிற பழைய சார்ஜர் பெரும்பாலும் இந்த வரம்புக்குள்ள வரும். வரக்கூடாதது சல்ஃபேஷன் நீக்கம், ஈக்வலைஸ் மாதிரி 15க்கு மேல போற வேலைகள். அடுத்தது வெப்பத் திருத்தம். ஈய பேட்டரி கன்ட்ரோலர் ஒவ்வொரு டிகிரி குளிருக்கும் 24-லிருந்து 30 மில்லிவோல்ட் ஏத்தும். 25 டிகிரியை அடிப்படையா வச்சுக் கணக்குப் போட்டா 5 டிகிரி காலையில 14.4 போய் 15 பக்கம் ஆயிடும். லித்தியத்துக்கு இந்தத் திருத்தம் பூஜ்யமா இருக்கணும்.

15 வந்தா என்ன ஆகும்? பேட்டரிக்குள்ள இருக்கிற பிஎம்எஸ்ங்கிற காவல் சர்க்யூட் பேட்டரியைத் தானாவே துண்டிச்சுக்கும். இழையோட முதல் கேள்வி இப்ப திரும்ப வருது: வெயில் அடிக்குது, பேனல் இணைஞ்சிருக்கு, பேட்டரி இல்லை. வண்டியில யாரும் இல்லாத நேரத்துல இது தானா நடக்கும். பூஜ்யம் டிகிரிக்குக் கீழ சார்ஜைத் தடுக்கும்போதும் சிலது முழுசாத் துண்டிக்கும். அதனால லித்தியம்னா அந்த மலிவு பிடபிள்யூஎம் போயே ஆகணும், லித்தியம் அமைப்பு உள்ள எம்பிபிடி வேணும்.

கம்பிக்காரர்
ஆல்டர்னேட்டரையும் சொல்லுங்கோ. லித்தியத்துக்கு உள் எதிர்ப்பு குறைவு, வெறும் ரிலே வழியா விட்டா கிடைக்கிறதெல்லாத்தையும் இழுக்கும். அந்த வழியில 50 ஆம்பியர் ஃபியூஸ் இருந்தா ஃபியூஸ் போகும், பெரிய ஃபியூஸ் போட்டா வயர் சுடும். பிஎம்எஸ் நடுவில துண்டிச்சால் ஆல்டர்னேட்டர் டையோடுக்கும் அடி. யூரோ 6 (ஐரோப்பியப் புகை விதி) வண்டியில ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் வேற, அது வோல்ட்டேஜை 12 சொச்சத்துக்கு இறக்கிப்போட்டு ஓடும், பேட்டரி நிறையாது. ரெண்டுக்கும் மருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர், ஆல்டர்னேட்டருக்கும் லெஷர் பேட்டரிக்கும் நடுவில வோல்ட்டேஜையும் கரண்ட்டையும் ஒழுங்குபடுத்திறது. அதைப் பூட்டினால் பழைய ரிலே வழியை வெட்டோணும், இல்லாட்டி ரெண்டு பேட்டரிக்கும் இடையில வட்டம் சுத்தும்.

ஓம்விதி
பேட்டரி பாசிட்டிவ்ல ஃபியூஸ். ஷார்ட் ஆனா லித்தியம் தர்ற கரண்ட்டை சாதாரண மெகா ஃபியூஸ் அறுக்க முடியாம ஆர்க் பிடிச்சு நிக்கலாம், அது 2000 ஆம்பியர் வரைதான் அறுக்கும். பெரிய இன்வெர்ட்டர் வைக்கிறவங்க கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் போடுங்க, அது 20,000. 1000 வாட் இன்வெர்ட்டர் முழு லோடுல 90 ஆம்பியர் தாண்டி இழுக்கும். 100 ஆம்பியர் பிஎம்எஸ்ஸுக்கு அதுவே விளிம்பு.

என் கருத்தைக் கேட்டா, கென்ட்_பயணிக்கு லித்தியம் தேவையே இல்லை. எம்பிபிடி, டிசி-டிசி, ஃபியூஸ் எல்லாம் சேர்த்தா பேட்டரி விலையைத் தாண்டும். ஹூக்-அப் உள்ள இடத்துல தங்குறவருக்கு இன்னொரு 95 ஏஜிஎம் போதும்.

மலைப்பாதை
ஹூக்-அப்ல தங்குறவர்னு அவர் சொல்லவே இல்லையே. குளிர்காலத்துல ஹூக்-அப் இல்லாம ரெண்டு ராத்திரி நிக்கிறவருக்கு ஏஜிஎம்ல பாதிதான் எடுக்கலாம், 47 ஆம்பியர்-மணி. டிசம்பர்ல இங்கிலாந்துல படுத்த நிலையில இருக்கிற 120 வாட் பேனல் ஒரு நாளைக்கு 50 வாட்-மணி சுமார் தரும், அதாவது 4 ஆம்பியர்-மணி. ஹீட்டர் காத்தாடிக்கே காணாது.

கென்ட்_பயணி
ஹூக்-அப்பிலதான் கூட நிக்கிறது. 95 ஏஜிஎம்தான் எடுக்கிறன். கன்ட்ரோலரையும் பிறகு மாத்துவம். பூட்டேக்க வேற என்ன பாக்கோணும்?

கம்பிக்காரர்
கேபிள் லக் டெர்மினலோட நேரா ஒட்டோணும். வாஷர் லக்குக்கு மேல வரும், நடுவில வரக்கூடாது. நடுவில வந்தா அது சுடும். போல்ட் நீளமெண்டா அடியில முட்டி இறுகின மாதிரிக் காட்டும், லக் ஆடும். கையால லக்கை ஆட்டிப் பாருங்கோ. இறுக்க அளவு பேட்டரித் தாளில இருக்கும், அதுக்கு மேல போனா ஈயம் கிழியும். வாஸ்லினை இறுக்கின பிறகு மேல பூசுங்கோ. பேட்டரியைப் பிடிக்கிற பட்டி கட்டாயம், 27 கிலோ சும்மா கிடக்கக் கூடாது.

சோலாரைக் கடைசியாப் பூட்டினதும் பேட்டரி டெர்மினலில மீட்டர் வையுங்கோ. வெயிலில மெல்ல ஏறி 14.4க்கும் 14.7க்கும் இடையில நிக்கோணும், உங்கட பேட்டரித் தாள் சொல்ற அளவில. 15 தாண்டினா உடனே பேனலைக் கழட்டுங்கோ. பிறகு ஹூக்-அப் தனிய, பிறகு எஞ்சின் தனிய. மூண்டையும் வேற வேறயாப் பாருங்கோ. ஒரு மணித்தியாலம் சார்ஜ் ஆனபிறகு ரெண்டு டெர்மினலையும் தொட்டுப் பாருங்கோ, ஒண்டு மட்டும் சுட்டால் அந்த இணைப்பைத் திரும்பக் கழட்டித் துடைச்சுப் பூட்டுங்கோ.

ரைன்கரை
பழையதை நிமிர்த்தியே கொண்டுபோங்கள், டெர்மினல் இரண்டுக்கும் டேப் ஒட்டி. கவுன்சில் மறுசுழற்சி மையத்தில் எடுப்பார்கள், பழைய இரும்புக் கடையில் எடைக்குக் காசும் தருவதுண்டு. பெட்டியில் அமிலம் கசிந்திருந்தால் சமையல் சோடா கரைத்த தண்ணீரை நுரை அடங்கும்வரை ஊற்றித் துடைத்து, காய்ந்த பிறகே புதியதை வையுங்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு.